பிரிக்காத பொட்டலம்

(பதினேழாவது வாரம்)

சின்னத்தாயியை ஒண்டிக்கடை டெலிபோன் பூத்தில் ரிசீவரும் கையுமாக நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டது அநியாயம் என்று பன்னிரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. "அந்தப் பெண்ணுக்குக் கால் வலிக்காதா?" என்று ஆத்தூரிலிருந்து ஓர் அம்மாள் கேட்டிருக்கிறார். வலிக்கவில்லை அம்மா. பேசி முடித்த சந்தோஷத்தில் குடையை பூத்திலேயே மறந்துவிட்டு அவள் ஊரைப் பார்க்க ஓடினாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே, காப்பிக் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். சின்னத்தாயியின் பாட்டி மார்பில் வந்த புற்றுநோயில் போனாள். அப்புறம் அம்மா குப்பாயி, முப்பத்தொன்பது வயதில். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் அக்கா அத்தாயிக்கும் அதே கட்டி. சேலத்தில் ஆபரேஷன் செய்ததில் அவள் மட்டும் பிழைத்தாள். "அந்த ஊட்டுச் சாபம்" என்று ஊர் சொன்னது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டருக்கு உதவியாக இருக்கும் சின்னத்தாயிக்கு இப்போது இருபத்தாறு வயது. சின்னையனோடு பேசி முடித்த கல்யாணத்தையே நிறுத்தி வைத்துவிட்டு, "எனக்கு என்ன இருக்குன்னு தெரியாம நான் யாரையும் கட்டமாட்டேன்" என்று நிற்கிறாள்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பதுதான் இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தின் அதிசயம். தலைமுறை தலைமுறையாக இந்த நோய் வருகிற நாற்பது குடும்பங்களின் ரத்தத்தை சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் வாங்குகிறது. ரத்தத்துக்குள் அந்தக் குடும்பத்துக்கே உரிய ஓர் அடையாளம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். சின்னத்தாயி போன மாதமே ரத்தம் கொடுத்துவிட்டாள். அது மட்டும் போதாது. நோய் வந்த ஒருவருடைய ரத்தத்தில் முதலில் அடையாளத்தைப் பிடித்தால்தான், அது இவளிடமும் இருக்கிறதா என்று பார்க்க முடியும். அப்படி உயிரோடு இருப்பது பெரியம்மா அத்தாயி ஒருத்திதான்.

"வியாழக்கிழமை நானே ஏற்காட்டுக்கு வர்றேன். பெரியம்மாவைக் கூட்டிட்டு வந்துடும்மா" என்று ஆராய்ச்சிக் கூடத்து டாக்டர் சாந்தாமேரி போனில் சொன்னார். சின்னத்தாயி துள்ளிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது பம்பைச் சத்தம் கேட்டது. நோம்பி சாட்டியாகிவிட்டது!

அந்த ஊரில் நோம்பி என்கிற மாரியம்மன் திருவிழாவுக்குக் காலண்டரில் தேதி கிடையாது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்து, ஆத்தா முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நோம்பி. சிவப்பு வந்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பார்கள். வழக்கமாக மூன்று வாரம் இழுத்தடிக்கிற ஆத்தா, இந்த வருஷம் பார்த்து முதல் தடவையிலேயே வெள்ளையைக் கொடுத்துவிட்டாள். இது தெரியாமல் வியாழக்கிழமைக்குத் தலையாட்டியது சின்னத்தாயியின் தப்பு. பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்த அத்தாயி அன்றைக்கே மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினவர்கள் எட்டு நாளைக்கு ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. மற்ற ஊர்க்காரர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்ப வேண்டும், வெளியூர்க்காரர்கள் கிளம்பிவிட வேண்டும்.

இதோ வியாழக்கிழமை வந்துவிட்டது.

* * *

காலை பத்து மணிக்கு, ஒண்டிக்கடை பக்கத்துக் கிளினிக்கில் சின்னத்தாயி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டர் சாந்தாமேரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒல்லியான பெண்மணி, காலில் கான்வாஸ் ஷூ.

"சின்னத்தாயி, நாளையோட லிஸ்ட்டை முடிக்கிறாங்க. முப்பத்தொன்பது குடும்பம் ஆயிடுச்சு. இருக்கிறது ஒரே இடம். அதுக்கும் வேற ஒரு குடும்பம் வரிசையில நிக்குது. பெரியம்மா ரத்தம் இன்னிக்கு என்னோட ரயில் ஏறணும்."

"தெரியுமுங்க. ஆனா அவங்க எல்லையைத் தாண்ட மாட்டாங்க. தாண்டச் சொல்றதுக்கு எனக்கும் வாய் வரலீங்க."

"அவங்க தாண்டக்கூடாது, சரி. நான் தாண்டலாம் இல்ல?"

சின்னத்தாயி அவரையே பார்த்தாள். இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. டாக்டர் என்றால் நாம்தான் போக வேண்டும் என்று பழகிவிட்ட புத்தி!

"தாண்டலாமுங்க!" என்று கத்திவிட்டாள். "பொழுது சாயறதுக்குள்ள திரும்பிட்டாப் போதுமுங்க!"

"எனக்கு ஒண்ணேகால் பஸ். சேலத்துல மூணரைக்கு ரயில். வண்டி இருக்கா?"

வண்டி வாசலிலேயே நின்றது. அண்ணன் பொன்னுவேல் கொட்டச்சேட்டுக்கும் ஒண்டிக்கடைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். முப்பத்துநாலு வயது, முறுக்கு மீசை, மலையில் எந்த வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவான். ஊசி என்றால் மட்டும் ஆள் காலி. பதினாறு வயதில் காலரா ஊசி போட வந்த நர்ஸம்மாவைக் கண்டு பலா மரத்தில் ஏறியவனை, அவர்கள் போன பிறகுதான் இறக்க முடிந்தது. ஊரில் அவன் மீசையைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கதையையும் கூடவே சொல்லுவார்கள்.

"ஏறுங்க டாக்டரம்மா. அரைமணி நேரத்துல கொண்டு போய் விட்டர்றேன்" என்றவன், தெர்மாகோல் பெட்டியை எட்டிப் பார்த்தான். "இதுல ஊசி இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப அது பின்னாடியே இருக்கட்டுமுங்க."

போன வாரம் பெய்த மழைக்குக் காப்பிக் காடு முழுக்கப் பூத்துக் கிடந்தது. வாசனை ஜீப்புக்குள் ஆளையே தூக்கியது. டாக்டர் தலையை வெளியே நீட்டி இழுத்து மூச்சு விட்டார். சின்னத்தாயிக்குப் பூவும் தெரியவில்லை, வாசனையும் தெரியவில்லை. மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டு, மனசுக்குள்ளேயே ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மிணி இத்தனை அவசரம்?" என்று பொன்னுவேல் சிரித்தான். "பொம்பளைங்க சமாச்சாரத்துக்கு ஆம்பளை வண்டி ஓட்ட வேண்டியிருக்குது."

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டுவிட்டார்.

* * *

அத்தாயி ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். ஐம்பத்தெட்டு வயதிலும் பேச்சில் வெட்டு உண்டு. அக்கா தங்கை இருவரையும் ஒரே ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தனக்குப் பிள்ளை இல்லாத அத்தாயி, தங்கச்சி போன பிறகு அவள் பிள்ளைகளுக்கே தாயாகிவிட்டாள். கோயில் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தவள், ஜீப்பிலிருந்து டாக்டரே இறங்கியதும் பதறிப் போய் எழுந்தாள்.

"ஏனுங்க, எனக்கோசரம் இத்தனை தூரம் வந்தீங்களா? ஊட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு..."

"காப்பி அப்புறம்மா. முதல்ல கையைக் காட்டுங்க."

அத்தாயி வலது கையை நீட்டினாள். டாக்டர் அதை மெதுவாக இறக்கிவிட்டார்.

"ஆபரேஷன் வலது பக்கம்தானே? அந்தக் கையில ஊசி போடக்கூடாது, வீங்கிடும். இடது கையைக் குடுங்க."

இடது மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்தது. புத்தம் புது மஞ்சள் கயிறு.

அத்தாயி இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சின்னத்தாயி அந்தக் கயிறு போன இடத்தையே பார்த்தாள். எல்லையைத் தாண்டியாகிவிட்டது, மலையேறி வந்தாகிவிட்டது, கடைசியில் ஒரு முழம் கயிறு குறுக்கே நிற்கிறதே!

"காப்புக் கையில ரத்தமா?" என்றாள் அத்தாயி. "வேண்டாமுங்க. இது என் ஒருத்தி சமாச்சாரமில்ல. நாளைக்கு மழை பெய்யலீன்னாக்கூட ஊரு என்னயத்தான் சொல்லும்."

"பெரிம்மா..."

"நீ பேசாத சாமி. எனக்கு வந்துச்சு, அறுத்தாச்சு, போயாச்சு. உனக்கும் இருக்குதுன்னு அவங்க எழுதிக் குடுத்துட்டா அப்பறம் நீ தூங்குவியா?"

"தெரியாமயும் தூங்கறதில்லீங்க பெரிம்மா."

அத்தாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் தன்னால் முடிந்தவரை விளக்கினார். ஜீன் என்றார், குரோமோசோம் என்றார், தாள் எடுத்து வட்டமும் சதுரமும் போட்டுக் காட்டினார். அத்தாயி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் சின்னத்தாயி பக்கம் திரும்பி, "அந்தம்மா நல்லாத்தான் பேசறாங்க. எனக்கு ஒரு எழவும் புரியல" என்றாள்.

மணி பதினொன்றரை. சின்னத்தாயி பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில் தூணோரம் பூத் தட்டு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று வழி கிடைத்தது.

"பெரிம்மா, பூ போட்டுப் பாக்கறமில்லீங்க? ரெண்டு பொட்டலம். எங்கம்மாகிட்டயும் அப்பிடி ரெண்டு இருந்துச்சுன்னு வெச்சுக்கங்க. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. நான் பொறக்கறப்ப அதுல ஒண்ணைத்தான் எனக்குக் குடுத்தாங்க. எதைக் குடுத்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. இருபத்தாறு வருசமா நான் அதைப் பிரிக்காமயே மடியில கட்டீட்டுத் திரியறேன்."

அத்தாயியின் கை மாவிலையிலேயே நின்றுவிட்டது.

"செவப்பா இருந்தா?"

"செவப்பா இருந்தா நோவு வந்தே தீரும்னு இல்லீங்க. வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வருசா வருசம் போய்ச் சோதிச்சுப் பாத்துக்குவேன். வந்தாலும் முன்னாடியே புடிச்சரலாம். அம்மாவுக்குத்தான் யாரும் அதைச் சொல்லலியே, பெரிம்மா!"

"வெள்ளையா இருந்தா?"

அந்தச் சொல்லை மனசுக்குள் நினைத்துப் பார்க்கவே இதுநாள் வரை பயந்தவள் சின்னத்தாயி. "வெள்ளையா இருந்தா, ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் இருக்கற பயம்தான் எனக்கும். அது போதுமுங்க பெரிம்மா."

"அதுக்கு உன் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாக்கட்டும். என் ரத்தம் எதுக்கு?"

"செவப்புப் பூ எப்பிடி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாதுங்களே. குடும்பத்துக்குக் குடும்பம் வேற மாதிரி இருக்குமாம். உங்ககிட்ட இருக்கறதைப் பாத்தாத்தான், எங்கிட்ட இருக்குதான்னு தேட முடியும்."

டாக்டர் சாந்தாமேரி தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இனிமே எல்லாக் குடும்பத்துக்கும் நான் இதைத்தான் சொல்லப்போறேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. தேடியும் கிடைக்காமப் போகலாம்மா. அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

அத்தாயி கையிலிருந்த மாவிலையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு பூசாரியைக் கூப்பிட்டாள்.

"அங்கப்பா! ஆத்தாகிட்ட பூ கேட்டரலாமா?"

* * *

பூசாரி அங்கப்பன் கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அதான் சரி அக்கா. வெள்ளை வந்துட்டா அப்பறம் எவன் என்ன பேசறான்னு பாக்கறேன்" என்றார். ஆனால் கை இரண்டும் முழங்கை வரை மஞ்சள். "இந்தக் கையில மடிச்சா இலையில ஒட்டி அடையாளம் தெரிஞ்சரும். நீங்களே மடிங்கக்கா."

அத்தாயி எல்லோருக்கும் தெரிய ஒரு வெள்ளை அரளியும் ஒரு சிவப்பு அரளியும் காட்டினாள். தட்டோடு கோயிலுக்குப் பின்னால் போய், வாழையிலையில் இரண்டு பொட்டலமாக மடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. காப்புக் கையில் ஊசி என்றால் சும்மாவா!

யார் எடுப்பது? பொன்னுவேலின் மகள் ராசாத்தி, ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள், "நானு, நானு" என்று முன்னால் வந்து நின்றாள். பொன்னுவேல் அவளைத் தூக்கி ஆத்தாவின் காலடியில் இறக்கிவிட்டான்.

சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். சிவப்பு வந்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்கலாம். அடுத்த வாரம் கேட்டு என்ன செய்ய? நாற்பதாவது இடம் நாளைக்கே போய்விடும். அவள் மடியிலிருக்கும் பொட்டலம் அப்படியே மடியில் கிடக்கும்.

ராசாத்தியின் சின்ன விரல்கள் இங்கே ஒரு தடவை போயின, அங்கே ஒரு தடவை போயின. இடது பக்கத்துப் பொட்டலத்தைத் தூக்கினாள். பூசாரி மஞ்சள் விரலால் இலையைப் பிரித்தார்.

"வெள்ளை!"

குலவைச் சத்தம் காப்பிக் காடு வரைக்கும் போனது. சின்னத்தாயி டாக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். டாக்டர் அதற்குள் ரப்பர் பட்டையை எடுத்துவிட்டார். பொன்னுவேல் ஜீப்புக்கு டயர் பார்க்கிற சாக்கில் நழுவினான்.

ஊதா மூடி போட்ட குழாய் ஒன்று நிறைந்தது, இரண்டு நிறைந்தது. டாக்டர் அவற்றைக் குலுக்காமல் மெல்லத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினார். அத்தாயி ஊசி குத்தின இடத்தில் கோயில் மஞ்சளை அப்பிக்கொண்டு, "இம்புட்டுத்தானா?" என்றாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி. ஏதோ பெரிய வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டவளின் திருப்தி.

"கண்ணு ராசாத்தி, மிச்சப் பொட்டலத்தை ஓடையில போட்டுட்டு வா. பிரிக்கக்கூடாது, தெரியுதா?" என்றாள். அந்த ஊர் வழக்கம் அது. ஆத்தா கொடுக்காத பூவை மனுஷர் பார்க்கக்கூடாது. ஆனால் அதே பேச்சை இன்னொரு தடவையும் அழுத்திச் சொன்னாள். "பிரிக்காமப் போடோணும்."

ராசாத்தி தலையாட்டிவிட்டு ஓடினாள். அந்த நேரம் பார்த்து ஜீப் ஹாரன் அடித்தது.

* * *

ஒண்டிக்கடைக்கு வந்தபோது மணி ஒன்று இருபத்தைந்து. பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

"இறங்காதீங்க" என்றான் பொன்னுவேல். "சேலத்துக்கே உடறேன்."

"பொழுது சாயறதுக்குள்ள நீங்க ஊருக்குத் திரும்பணுமே?"

"திரும்பிருவேனுங்க. நீங்க ரத்தத்தைப் புடிச்சுக்கங்க, நான் வண்டியைப் புடிச்சுக்கறேன்."

அப்போதுதான் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ராசாத்தி! திட்ட நேரமில்லை. சின்னத்தாயி அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மடியிலிருந்த பெட்டியை அவள் மடியில் வைத்தாள்.

கொண்டை ஊசி வளைவுகளை ஜீப் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு இறங்கியது. ஒன்பதாவது வளைவில் எல்லாம் நின்றது. மூட்டை ஏற்றின லாரி ஒன்று திருப்ப முடியாமல் குறுக்கே நிற்க, அவர்கள் தவறவிட்ட அதே பஸ் அதன் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு டிரைவர்களும் கீழே இறங்கி, யார் பின்னால் போவது என்று மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால் மணி போனது. அரை மணி போனது. பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

சின்னத்தாயி குதித்து இறங்கினாள். லாரிக்கும் மலைப் பக்கத்துச் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தை எட்டு வைத்து அளந்தாள். எஸ்டேட் ஆபீசில் வருகிறவர்களிடம் "சார், சார்" என்று பேசுகிற பெண், நடுரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "வாண்ணா! இன்னும் வா! லெஃப்ட்ல ஒடி! வா, வா, வா!"

பக்கக் கண்ணாடி சுவரில் உரசி முறிந்து விழுந்தது. பொன்னுவேல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜீப் அந்தப் பக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

சேலம் ஜங்ஷனில் அவர்கள் இறங்கியபோது மணி மூன்று ஐந்து.

* * *

பிளாட்பாரத்து பெஞ்சில் நால்வரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு" என்றார். சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. நாற்பதாவது குடும்பம்! அவர்கள் குடும்பம்! முடிவு தெரிய எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகட்டும். தேடுவதற்கு ஆள் கிடைத்துவிட்டார்கள், அது போதும்.

"அத்தை" என்றாள் ராசாத்தி மெதுவாக. "நான் பிரிக்கலைங்க. அதுவா பிரிஞ்சுருச்சு."

அவள் உள்ளங்கையில் வாடிப்போன வாழையிலை. ஓடைக்குப் போகாமல் பாவாடை மடிப்பில் வந்துவிட்ட இரண்டாவது பொட்டலம். இலை விரிந்து கிடந்தது. அதற்குள்ளே இருந்த அரளி வெள்ளை.

சின்னத்தாயி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இதுல செவப்புல்ல இருக்கோணும்?"

பிறகு அவளுக்குப் புரிந்தது. கோயிலுக்குப் பின்னால் தட்டோடு போன பெரியம்மா. பிரிக்காதே, பிரிக்காதே என்று இரண்டு தடவை சொன்ன பெரியம்மா. எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும்!

பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஊருக்கு ஆத்தாவைச் சாட்சி வைத்துவிட்டு, கையை நீட்டியிருக்கிறாள். சின்னத்தாயி சிரித்துக்கொண்டே அழுதாள்.

"தெய்வக் குத்தம் இல்லியா?" என்று பொன்னுவேல் பயந்தான்.

"ஆத்தாவும் ஒரு பொம்பளைதானண்ணா. அவளுக்குத் தெரியாதா?"

டாக்டர் சாந்தாமேரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க பெரியம்மா செஞ்சதை எங்க லேப்ல செய்ய முடியாதே! அங்கே எந்தப் பூ இருக்கோ அந்தப் பூதான்."

ராசாத்தி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் கோயிலில் கேட்ட பேச்சு அவள் மனசில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்பா, குப்பாயி அப்பத்தா அத்தைக்கு ஒரு பொட்டலம் குடுத்தாங்கல்ல? உங்களுக்குக் குடுக்கலியா?"

"ஆம்பளைக்கு அதெல்லாம் கிடையாது கண்ணு" என்று பொன்னுவேல் சிரித்தான்.

"உண்டு" என்றார் டாக்டர். காலையில் ஜீப்பில் சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னார். "பெண்ணுன்னு பார்த்தோ பையன்னு பார்த்தோ குடுக்கறதில்ல. உங்களுக்கும் ரெண்டுல ஒண்ணு வந்திருக்கும். ஆம்பளைக்கு அதனால மார்புல நோய் வர்றது குறைச்சல். அதனால யாரும் பிரிச்சுப் பார்க்கறதில்ல. அப்படியே பிள்ளைக்குக் குடுத்துடறாங்க."

பொன்னுவேலின் சிரிப்பு நின்றது. ராசாத்தி பெஞ்சில் காலை ஆட்டியபடி, வாடின வெள்ளைப் பூவைக் காதில் செருகிக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப புள்ளைக்கு இப்பவே பாத்தரலாமுங்களா?" அவன் மகளைக் கையால் காட்டினான்.

"குழந்தைக்குப் பார்க்க மாட்டோம். அவ வளர்ந்து, அவளே கேட்டா பார்க்கலாம். ஆனா உங்ககிட்டச் சிவப்பு இல்லைன்னு தெரிஞ்சுட்டா, உங்க வழியா அவளுக்கு அது வர வழியே இல்ல."

"இருந்துட்டா?"

"இருந்துட்டா, அவளுக்கு அவங்க அத்தை மாதிரி இருபத்தாறு வயசு வரைக்கும் தெரியாம இருக்க வேண்டியதில்ல."

ரயில் வருகிறதென்று மணி அடித்தார்கள். போர்ட்டர்கள் எழுந்து நின்றார்கள். டாக்டர் பெட்டியை மூடப் போனார்.

"ஏனுங்க டாக்டரம்மா" என்றான் பொன்னுவேல். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டிருந்தான். சின்னத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஊதா மூடிக் குழாய் இன்னொண்ணு இருக்குங்களா?"

டாக்டர் அவனையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். ரப்பர் பட்டையை மறுபடி எடுத்தார்.

பொன்னுவேல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சும்மா இருந்த கையை மகள் பக்கம் நீட்டினான்.

"ராசாத்தி, அப்பா கையைக் கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு. உட்றாத."